தாளில் இல்லாத வருடங்கள்

அகதியாக வந்த எங்களில் அநேகமான எல்லோரும் இரண்டு தாள்களை எழுதியிருக்கிறோம். ஒன்று, ஏன் நாட்டைவிட்டு வந்தோம் என்று சொல்வது. மற்றது, எங்களை ஏன் வேலைக்கு எடுக்கவேண்டும் என்று சொல்வது. இரண்டிலும் திகதிகள் வேண்டும், இடங்களின் பெயர்கள் வேண்டும். இரண்டையும் வாசிப்பவர் எங்களை முன்பின் அறியாதவர். அவருக்கு நேரமும் குறைவு. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. படிப்பு எங்கே அறுந்தது, வேலை எங்கே நின்றது என்பதுதான் முதலாவது தாளின் உயிர். இரண்டாவது தாளில் அதே இடம் எங்களின் குறைபாடாகிவிடுகிறது. ஒரே மனிதரின் ஒரே இடைவெளி ஒரு மேசையில் சாட்சியமாகவும் அடுத்த மேசையில் குற்றமாகவும் வாசிக்கப்படுகிறது.

இந்த இரண்டாவது தாளைப் பற்றித்தான் இங்கு பேச விரும்புகிறோம். அதை எழுதுபவரின் பக்கத்தில் நின்று நிறையப் பேசியாயிற்று. ‘வெள்ளைக்காரன் எங்கட படிப்பை மதிக்கிறானில்லை’ என்பது பாரிஸ் சமையலறைகளில் கோப்பை கழுவும் சத்தத்தோடு சேர்ந்தே கேட்கிற பழைய புலம்பல். இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. இங்கு பிறந்து வளர்ந்த எங்கள் உறவுப் பிள்ளைகள், அந்தத் தாளை வாசித்துத் தீர்ப்புச் சொல்லும் பக்கத்தில் போய் உட்காரத் தொடங்கியிருக்கிறார்கள். ஆகவே கேள்வியையும் மாற்றிக் கேட்கவேண்டியிருக்கிறது. தெரிவுசெய்யும் அதிகாரம் கைக்கு வந்தவர், முன்னால் கிடக்கும் தாள்களை எப்படி வாசிப்பது நியாயம்?

எங்களுக்குத் தெரிந்த தம்பி ஒருவர் இரண்டு நண்பர்களோடு சேர்ந்து ஒரு சிறிய ஸ்ரார்ட்-அப் கொம்பனி தொடங்கினார். றெஸ்ரோறன்றின் குளிரறையில் என்ன இருக்கிறது, எது முடியப்போகிறது, நாளைக்கு எதற்கு ஓடர் கொடுக்கவேண்டும் என்று கணக்குவைக்கும் மென்பொருள்தான் அவர்களுடைய சரக்கு. சமையலறை விபரங்களைக் கேட்க எங்களிடம் வந்துபோவார். ஒரு திங்கட்கிழமை, எங்களுக்கு லீவு நாள், மடிக்கணினியில் அறுபது சுயவிபரக்கோவைகளோடு வந்தார். இரண்டு இளம் பட்டதாரிகளை எடுக்கவேண்டும்.

“அண்ணை, அறுபது பேர் போட்டிருக்கினம். கையில எட்டு மாதத்துக்குத்தான் காசு இருக்கு. பிழையான ஆளை எடுத்தால் கொம்பனியே படுத்திடும். எல்லாரோடையும் இருந்து கதைக்க எனக்கு எங்க நேரம்?”

அவர் கேட்டது நியாயம். நாங்களும் அருகில் இருந்து பார்த்தோம். ஒரு கோவைக்கு அரை நிமிடம். முதலில் படித்த இடத்தின் பெயர். பிரான்சில் பல்கலைக்கழகங்களுக்கு மேலே ‘பெரும் பள்ளிகள்’ என்று ஒரு வரிசை உண்டு. இரண்டு வருடம் ஆயத்த வகுப்பில் இருந்து போட்டிப் பரீட்சை எழுதி உள்ளே போகவேண்டும். அந்தப் பெயர் கண்ணில் பட்டால் கோவை ஒரு பக்கம் போகும். அடுத்தது, ‘ஸ்தாஜ்’ எனப்படும் பயிற்சி வேலையை எங்கே செய்தார் என்பது. மூன்றாவது, வருடங்கள் தொடராக வருகின்றனவா என்பது. இங்குள்ள வேலை விளம்பரங்களில் ‘பக் + 5’ என்று போடுவார்கள்: உயர்தரத்துக்குப் பிறகு ஐந்து வருடப் படிப்பு. அந்த ஐந்தும் ஐந்து வருடத்துக்குள் முடிந்திருக்கவேண்டும் என்பது விளம்பரத்தில் எழுதப்படாத சட்டம். அரை மணித்தியாலத்தில் அறுபது பன்னிரண்டாகியது.

விலக்கிய கோவைகளில் ஒன்றைத் திரும்பத் திறக்கச் சொன்னோம். ஒரு பெண். புறநகர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் கணினி படித்தவர். மூன்று வருடப் பட்டத்தை முடிக்க நான்கு வருடம் எடுத்திருக்கிறார். அந்த நான்கு வருடமும் வார இறுதிகளில் ஒரு துரித உணவுக்கடையில் வேலைசெய்ததை, தாளின் அடியில், பிடித்த விளையாட்டுக்குப் பக்கத்தில், ஒரே வரியில் எழுதியிருந்தார். “ஏன் தம்பி இவவை விட்டனீர்?” என்று கேட்டோம். “ஒரு வருஷம் பிந்தியிருக்கிறா அண்ணை. ஸ்தாஜும் பெரிசா ஒண்டுமில்லை” என்றார். சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு ஒரு சமையலறையில் சாமான் முடிந்தால் என்ன நடக்கும் என்பதை அந்த அறுபது பேரில் நேரில் கண்டவர் அவர் ஒருவர்தான். தம்பியின் மென்பொருளுக்கு மிகக் கிட்டிய வரி அந்தக் கடைசி வரி. அவருடைய கண் அவ்வளவு கீழே போகவில்லை.

இதற்காக அவரைக் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. அவர் செய்ததற்குப் பின்னால் பொருளியலில் மதிப்பான ஒரு வாதமே இருக்கிறது. மைக்கல் ஸ்பென்ஸ் என்பவர் 1973இல் எழுதிய கட்டுரையில் அதை வைத்தார். 2001இல் வேறு இருவரோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. வேலை கொடுப்பவருக்கு விண்ணப்பிப்பவரின் திறமை கண்ணுக்குத் தெரியாது. எனவே தெரிகிற ஏதாவதொரு சைகையைப் பார்க்கிறார். பட்டம் அப்படியான ஒரு சைகை. திறமையுள்ளவருக்கு அதைப் பெறுவது இலகு, திறமை குறைந்தவருக்குக் கடினம். ஆகவே பட்டம் உள்ளே இருக்கும் திறமையை வெளியே காட்டிக்கொடுக்கும். படிப்பில் ஒரு சொல்லைக்கூடக் கற்றுக்கொள்ளாவிட்டாலும் இந்த வாதம் நிற்கும் என்பது இதன் விசேடம்.

ஆனால் இது ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது. பட்டத்தின் விலை, ஆளின் திறமையைப் பொறுத்தே ஏறி இறங்கவேண்டும். எங்கள் அனுபவம் வேறு. 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டபோது, வன்னியிலிருந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு வரவேண்டிய மாணவருக்குப் பட்டத்தின் விலை ஒரே நாளில் ஏறியது. அவருடைய மூளை அந்த ஒரு நாளில் குறைந்துவிடவில்லை. எங்களில் இரண்டாம் வருடத்தோடு நின்றவர்களும் உண்டு, கடைசிப் பரீட்சைக்கு முதல் வெளியேறியவர்களும் உண்டு. நின்றதற்கான காரணத்தை எங்கள் மூளைக்குள் தேடுபவர் பிழையான இடத்தில் தேடுகிறார். பாரிஸில் பாதை மூடப்படுவதில்லை என்பது உண்மை. ஆனால் இங்கு வாடகை இருக்கிறது. தகப்பன் வாடகை கட்டுகிற பிள்ளைக்கும் தானே கட்டுகிற பிள்ளைக்கும் ஒரே பட்டத்தின் விலை ஒன்றல்ல. அந்தப் பெண் பிந்திய ஒரு வருடம் அவருடைய திறமையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவர் கட்டிய விலையைப் பற்றித்தான் சொல்கிறது.

இந்த விவாதம் எங்கள் சமூகத்துக்குப் புதிதுமல்ல. 1970களின் தொடக்கத்தில் இலங்கையில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல் கொண்டுவரப்பட்டது. மொழியைப் பார்த்துப் புள்ளிகளைக் கூட்டிக் குறைத்தார்கள். தமிழில் எழுதியவருக்கு ஒரு வெட்டுப்புள்ளி, சிங்களத்தில் எழுதியவருக்கு வேறொன்று. அது அநீதி. அதன் விளைவுகளை எல்லோரும் அறிவோம். ஆனால் 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தபோது மன்னாரிலும் வவுனியாவிலும் இருந்த தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கதவு கொஞ்சம் திறந்தது என்பதைப் பற்றி நாங்கள் குறைவாகவே பேசிவந்திருக்கிறோம். இன்றும் பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீதம் இடங்கள் அகில இலங்கைப் புள்ளி வரிசைக்கும், 55 வீதம் மாவட்டச் சனத்தொகைப்படியும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்றுதான் பிரிக்கப்படுகின்றன. யாழ் நகரத்தின் பெரிய கல்லூரியில் இருந்துகொண்டு மூன்று ரியூசனுக்குப் போய் எடுத்த புள்ளியும், முல்லைத்தீவில் பௌதிகத்துக்கு ஆசிரியர் இல்லாத பள்ளிக்கூடத்தில் இருந்து எடுத்த புள்ளியும் ஒரே எண்ணாக இருந்தாலும் ஒரே சாதனை அல்ல. ஒருவரை அவருடைய மொழிக்காகத் தண்டிப்பது ஒரு விடயம். அவர் நடந்துவந்த தூரத்தைக் கணக்கில் எடுப்பது முற்றிலும் வேறு விடயம். இரண்டையும் ‘தரப்படுத்தல்’ என்ற ஒரே சொல்லுக்குள் போட்டு நாங்கள் குழப்பிக்கொண்டோம். அதனால்தானோ என்னவோ, ‘திறமைக்கு மட்டும் இடம் கொடு’ என்ற வார்த்தையை ஆராயாமல் இங்கும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

திறமைக்கு மட்டும் இடம் கொடுப்பதாகத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். ரொறன்ரோப் பல்கலைக்கழகப் பொருளியலாளர் பிலிப் ஒறியோபூலஸ், அந்த நகரத்தின் வேலை விளம்பரங்களுக்குக் கற்பனையான கோவைகளை ஆயிரக்கணக்கில் அனுப்பிப் பார்த்தார். 2011இல் வெளியான அவருடைய கட்டுரை ஏறத்தாழ 13,000 கோவைகளைப் பற்றியது. படிப்பும் அனுபவமும் கனடாவிலேயே பெற்றவையாக இருந்தபோதும், சீன, இந்திய, பாகிஸ்தானியப் பெயர் உள்ளவற்றைவிட ஆங்கிலப் பெயர் உள்ளவற்றுக்கு ஏறத்தாழ 40 வீதம் கூடுதலாக அழைப்பு வந்தது. வாசித்தவர்கள் எல்லோரும் இனவாதிகள் என்று சொல்லிவிட்டுப் போவது எங்களுக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் அவசரமாக வாசிப்பவர், தனக்குப் பழக்கமான பெயரையும் பழக்கமான பள்ளியையும் திறமை என்று எடுத்துக்கொள்கிறார் என்பதே அதைவிடப் பெரிய ஆபத்து. அது எங்களுக்கும் வரக்கூடியது.

பெயரை மறைத்துவிட்டால் சரியாகுமா? பிரான்ஸ் அதையும் யோசித்தது. 2005 இலையுதிர்காலத்தில் புறநகர்களில் நடந்த கலவரங்களின் பின், 2006 மார்ச்சில் வந்த சட்டம், ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலைசெய்யும் கொம்பனிகள் பெயரில்லாத கோவைகளையே வாசிக்கவேண்டும் என்றது. அதை நடைமுறைப்படுத்தும் ஆணை கடைசிவரை வரவில்லை. 2015இல் கட்டாயமும் நீக்கப்பட்டது. இடையில் 2009இலும் 2010இலும் அரசின் வேலைவாய்ப்புச் சேவையூடாக ஒரு பரீட்சார்த்தம் நடந்தது. முடிவு எல்லோரையும் திகைக்கவைத்தது. பங்குபற்றிய கொம்பனிகளில், பெயரும் முகவரியும் மறைக்கப்பட்டபோது, குடியேறியோர் பின்னணியிலிருந்தும் வறிய புறநகர்களிலிருந்தும் வந்தவர்களுக்கு நேர்முக அழைப்பு முன்னரைவிடக் குறைந்தது. அந்தக் கொம்பனிகள் தாமாக முன்வந்தவை, ஆகவே ஏற்கெனவே நல்லெண்ணம் உள்ளவையாக இருக்கலாம் என்பது ஒரு விளக்கம். இன்னொன்றையும் ஆய்வாளர்கள் சொன்னார்கள். பெயரும் முகவரியும் தெரிந்தபோது, வாசிப்பவர் பிந்திய வருடத்தையும் சிறிய வேலைகளையும் அந்தச் சூழலோடு சேர்த்து விளங்கிக்கொண்டார். மறைத்தபோது அந்தச் சூழலும் மறைந்தது. பெயர் போய்விட்டது, இடைவெளி அப்படியே நின்றது.

வாசிக்கும் வேலையைக் கொம்பியூட்டரிடம் கொடுத்தவர்களும் உண்டு. அமேசன் கொம்பனி 2014இலிருந்து அப்படியொரு கருவியை உருவாக்கிப் பார்த்ததாகவும் பின்னர் கைவிட்டதாகவும் றொய்ட்டர்ஸ் 2018 ஒக்ரோபரில் செய்தி வெளியிட்டது. பத்து வருடக் கோவைகளைக் கொடுத்துப் பழக்கியிருந்தார்கள். அவை பெரும்பாலும் ஆண்களுடையவை. ஆகவே ‘பெண்கள்’ என்ற சொல் வரும் கோவைகளை, உதாரணமாகப் பெண்கள் சதுரங்கக் கழகத் தலைவி என்று எழுதியவரை, அது கீழே தள்ளியது. கருவி புதிதாக எந்த அநியாயத்தையும் கண்டுபிடிக்கவில்லை. பழைய தீர்ப்புகளை நல்ல மாணவனைப்போல் பாடமாக்கிக்கொண்டது. ஆனால் கருவி இல்லாமல் அரை நிமிடத்தில் வாசிக்கும் மனிதரும் இதையேதான் செய்கிறார். பெரும் பள்ளியின் பெயரைக் கண்டு ஒருவரை எடுப்பவர் தானாக எதையும் தீர்மானிக்கவில்லை; ஐந்தாறு வருடங்களுக்கு முன் வேறொரு வாசலில் நின்றவர் சொன்ன தீர்ப்பைத் திருப்பிச் சொல்கிறார். அவருக்கு முன் நின்றவரும் இன்னொரு வாசலைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்.

அப்படியானால் தாளை எறிந்துவிட்டு ஆளைப் பார்ப்போம் என்று சொல்லலாமா? எங்கள் தொழிலில் அதுதான் வழக்கம். சமையலறையில் யாரும் கோவை கேட்பதில்லை. ஏப்ரனைக் கட்டச் சொல்லி, கத்தியையும் பத்துக் கிலோ வெங்காயத்தையும் தருவார்கள். கத்தியைப் பிடிக்கும் விதத்திலும், வெட்டியபின் பலகையைத் துடைக்கிறாரா என்பதிலும் ஆள் யார் என்று தெரிந்துவிடும். இது தாளைவிட நேர்மையானது என்றே நினைக்கிறோம். ஆனால் ‘பார்ப்பம்’ என்று சொல்லி மூன்று நாள் வேலைவாங்கிவிட்டு, சரிவராது என்று வெறுங்கையோடு அனுப்புகிற முதலாளிகளையும் நாங்கள் அறிவோம். அவர்களில் தமிழரும் உண்டு. பரீட்சை என்ற பெயரில் உழைப்பைத் திருடலாம்.

கணினித் துறையிலும் இது இருக்கிறது. 2013இல் பாரிஸில் தொடங்கிய ‘42’ என்ற பள்ளி, பட்டம் கேட்பதில்லை, கட்டணமும் வாங்குவதில்லை. நான்கு வாரம் ‘நீச்சல் தடாகம்’ என்று பெயரிட்ட கடும் பயிற்சியில் இறக்கிவிட்டு, தாக்குப்பிடிப்பவர்களைத் தெரிவுசெய்கிறார்கள். படிப்பு அறுந்தவர்களுக்கு இது பெரிய வாசல். ஆனால் நான்கு வாரம் சம்பளம் இல்லாமல் நீந்த முடிந்தவர் யார்? கொம்பனிகள் வீட்டுக்குக் கொடுத்துவிடும் செய்முறைப் பரீட்சைகளும் அப்படித்தான். நள்ளிரவு ஒரு மணிக்கு வேலை முடிந்து வீட்டுக்கு வருபவருக்கு ‘வார இறுதியில் செய்து அனுப்புங்கள்’ என்பது சின்ன வசனம் அல்ல.

தாளை எறிவதில் இன்னுமொரு ஆபத்து இருக்கிறது. அதை எங்கள் ஆட்கள் வெளியே பேசுவதில்லை. தாள் இல்லாத இடத்தில் எங்களவர்கள் முதலில் கேட்கும் கேள்வி ‘எந்த ஊர்?’ என்பதுதான். அந்தக் கேள்வி எதை அறியக் கேட்கப்படுகிறது என்பது கேட்பவருக்கும் தெரியும், கேட்கப்படுபவருக்கும் தெரியும். ஊரும் சாதியும் பழைய மாணவர் சங்கமும் வைத்து ஆள் எடுக்கிற எங்கள் கடைகளுக்கு, பிரான்சின் பெரும் பள்ளிகளைக் குறைசொல்ல வாயில்லை. சாதியால் ஒதுக்கப்பட்ட ஒருவருக்குப் பரீட்சைப் பெறுபேறு எழுதிய கடதாசி ஒரு கேடயமாக இருந்திருக்கிறது. அவருடைய குடிப்பெயரைக் காட்டி அந்தக் கடதாசியை யாரும் பொய்யாக்க முடியவில்லை. ஆகவே தாளைக் கிழிப்பது எங்கள் நோக்கமல்ல. அது விசாரணையின் தொடக்கமாக இருக்கட்டும், தீர்ப்பாக இருக்கவேண்டாம் என்கிறோம்.

தாள் குறையாக இருந்தாலும் ஆளைக் கேட்டு அறியலாம் என்பதை அரசுகளே ஒப்புக்கொண்டிருக்கின்றன. 1997இல் லிஸ்பனில் கையெழுத்தான தகைமைகளை அங்கீகரிக்கும் உடன்படிக்கை, ஆவணம் காட்ட முடியாத அகதிகளின் படிப்பையும் நியாயமாக மதிப்பிட வழிசெய்யும்படி நாடுகளைக் கேட்கிறது. 2017இல் ஐரோப்பிய அவை தொடங்கிய அகதிகளுக்கான தகைமைக் கடவுச்சீட்டில், விபரக்கொத்தையும் நேர்முகத்தையும் வைத்து ஒருவர் என்ன படித்தார் என்று மதிப்பிடுகிறார்கள். வேலைக்கு ஆள் எடுப்பது பற்றிய ஆய்வுகளும் அதே பக்கம்தான் காட்டுகின்றன. 85 வருட ஆய்வுகளைத் தொகுத்து 1998இல் வந்த ஷ்மிட், ஹன்ரர் கட்டுரையில், எத்தனை வருடம் படித்தார் என்பது வேலையில் எப்படிச் செய்வார் என்பதை மிகக் குறைவாகவே சொல்லியது. வேலையின் ஒரு துண்டைச் செய்வித்துப் பார்ப்பதும், எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒழுங்காகக் கேட்பதும் பல மடங்கு கூடுதலாகச் சொல்லின. 2022இல் வந்த மீளாய்வு எண்களைக் குறைத்தது. ஆனால் ஒழுங்கான நேர்முகம் முன்வரிசையில்தான் நின்றது.

இதைச் சொன்னால், ‘கொம்பனி என்ன அன்னதான மடமா?’ என்று கேட்பார்கள். இரக்கம் காட்டும்படி நாங்கள் கேட்கவில்லை. இரக்கத்தில் வேலைக்கு எடுக்கப்பட்டவரின் நிலை எங்களுக்குத் தெரியும். அது அவருக்கும் நல்லதல்ல, பக்கத்தில் நின்று அவருடைய வேலையையும் சேர்த்துச் செய்பவருக்கும் நல்லதல்ல. நாங்கள் கேட்பது பார்க்கும்படி. கோவைகளைத் திறக்க முதல், இந்த வேலைக்கு உண்மையில் என்ன தெரிந்திருக்கவேண்டும் என்று எழுதிவைத்துக்கொள்ளலாம். தாளின் அடிவரி வரைக்கும் வாசிக்கலாம். செய்முறைப் பரீட்சை கொடுத்தால் குறுகியதாகக் கொடுக்கலாம், நீண்டால் அதற்குக் காசு கொடுக்கலாம். மறுக்கும்போது காரணத்தை ஒரு வரியிலாவது சொல்லலாம். அறுபது கோவைக்கு ஐந்து நிமிடப்படி ஐந்து மணித்தியாலம். எங்களுக்கு அது ஒரு இரவு வேலை. இரண்டு பேரின் அடுத்த சில வருடங்களையும் ஐம்பத்தெட்டுப் பேரின் ஏமாற்றத்தையும் தீர்மானிக்க அது கூடிய நேரமா?

தம்பி அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு ஒரு மணித்தியாலம் கதைத்தார். கடைசியில் வேறு இருவரைத்தான் எடுத்தார். அந்த வேலைக்குத் தேவையான ஒரு கணினி மொழி அந்தப் பெண்ணுக்குப் போதியளவு தெரிந்திருக்கவில்லை. அதை அவரே ரெலிபோன் எடுத்துச் சொன்னார். எங்களுக்கு அதில் மனக்குறை இல்லை. பார்த்தபின் மறுப்பதற்கு ஒருவர் பதில் சொல்ல முடியும், அடுத்த முறைக்கு ஆயத்தப்படவும் முடியும். பார்க்காமல் மறுக்கப்பட்டவர் தன்னில் என்ன பிழை என்று தேடிக்கொண்டே இருப்பார். எங்களில் சிலர் பதினைந்து வருடமாகத் தேடுகிறோம்.

எங்கள் பிள்ளைகள் மேசையின் அந்தப் பக்கத்தில் இருப்பது எங்களுக்குச் சந்தோசம். அவர்களுக்கு ஒன்றைத்தான் சொல்லலாம். தாளில் வருடங்கள் இல்லாத இடத்தைக் கண்டால் விரல் நிற்கட்டும். ‘அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?’ என்று, பதிலைக் கேட்கும் பொறுமையோடு கேளுங்கள். சும்மா இருந்தேன் என்றும் அவர் சொல்லலாம். சொல்லட்டும். ஆனால் அதை அவர் தன் வாயால் சொல்லவேண்டும், தாளின் வெறுமை அவருக்காகச் சொல்லக்கூடாது.